கை அறிந்த வன்மை: மார்பகக் கட்டியின் இறுக்கம் எண்ணாக மாறிய வரலாறு

திருவனந்தபுரம் தம்பானூரில் மத்திய ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ளன. ரயில் முனையம் 1931-இல் இவ்விடத்துக்கு வந்தது. 1979-இல் நாகர்கோவில், கன்னியாகுமரி நோக்கிய பாதை திறக்கப்பட்டபின் தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து வருவோருக்கும் இதுவே நகரின் வாசலாயிற்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டுடன் இணைந்தது. மாநில எல்லை மாறியபோதும் நோயாளிகள் சென்ற வழி மாறவில்லை. தம்பானூரில் இறங்கி மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குப் பேருந்து ஏறுவோரில், 1981-இல் எம். கிருஷ்ணன் நாயரை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்தைத் தேடி வருபவர்கள் எப்போதும் உண்டு.

அவ்வழியில் வருபவர் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குள் நுழைகிறார். தமிழில் 'கட்டி' என்று அவர் சொல்வதை மலையாளம் 'முழ' என்கிறது. மலையாளத்திலும் 'கட்டி' என்ற சொல் உண்டு. ஆனால் அங்கு அது தடிப்பையும் திண்மையையும் குறிக்கும், வீக்கத்தை அன்று. தமிழிலோ ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. மண்ணாங்கட்டியும் பனங்கட்டியும் இறுகிய பொருள்கள். உடலில் எழும் கட்டி ஒரு நோய்க்குறி. பாலூட்டும் தாய் 'பால் கட்டிக்கொண்டது' என்று சொல்லும்போது இறுக்கம், வீக்கம், வலி மூன்றும் அச்சொல்லில் அடங்கிவிடுகின்றன. மார்பில் ஒன்று தோன்றியிருப்பது ஒரு செய்தி. அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது மற்றொரு செய்தி. மருத்துவப் படமெடுப்பு இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. அவ்வாறு கற்ற முறைக்கு எலாஸ்டோகிராபி என்று பெயர். தமிழில் மீள்தன்மை வரைவியல் எனலாம்.

இறுக்கத்தை நோயின் அடையாளமாகக் கொள்வது பழைய வழக்கம். ஏறத்தாழ கி.மு. 1600-ஐச் சேர்ந்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்னும் எகிப்திய மருத்துவ ஏடு, மார்பில் எழும் புடைப்பைக் கைவைத்துப் பார்க்கச் சொல்லி, அதன் கடினத்தைக் காயின் கடினத்தோடு ஒப்பிட்டு, அதற்குச் சிகிச்சை இல்லை என்று முடிக்கிறது. கிரேக்க மருத்துவர்கள் இந்நோய்க்கு இரண்டு பெயர்களை வழங்கினர். நண்டைக் குறிக்கும் 'கார்கினோஸ்' கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தால் வந்த பெயர். 'ஸ்கிர்ரோஸ்' கடினத்தைக் குறிப்பது. கைக்குத் தெரிந்த இயல்பால் வந்த பெயர். தமிழின் 'புற்று'ம் வடிவத்தையும் பரவுதலையும் கொண்டு அமைந்த பெயரே. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகியவற்றோடு பரிசமும் ஒன்று. தொட்டு அறிவதைத் தனித்த ஓர் அறிமுறையாகவே அம்மரபு வகுத்து வைத்தது.

இருபதாம் நூற்றாண்டு கண்ணின் நூற்றாண்டாக அமைந்தது. 1913-இல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன், வெட்டியெடுத்த மார்பகங்களை எக்ஸ்ரே படமெடுத்து ஆராய்ந்தார். 1960-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஈகன் வெளியிட்ட செய்முறை மேமோகிராபியைப் பரவலாக்கியது. 1950-களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் ஜான் வைல்டும் ஜான் ரீடும் மீயொலியால் மார்பகக் கட்டிகளைப் பார்க்க முயன்றனர். திசு அடர்ந்த இளம்பெண்களின் மார்பகத்தில் எக்ஸ்ரே படம் வெண்மையாகிக் கட்டியை மறைத்துவிடுவதால், அங்கு மீயொலி தவிர்க்க முடியாத கருவியாயிற்று. நீர்நிறைந்த பையையும் திடக்கட்டியையும் அது எளிதில் பிரித்துக் காட்டும். ஆனால் திடக்கட்டிகளுள் எது இறுகியது, எது நெகிழ்ந்தது என்பதை அதனால் சொல்ல இயலவில்லை.

காரணம் இயற்பியலில் உள்ளது. மீயொலி, திசுவை அழுத்தியும் விரித்தும் முன்செல்லும் அலை. உடலின் மென்திசுக்கள் பெரும்பாலும் நீரால் ஆனவை. அவை அனைத்தும் அவ்வகை அழுத்தத்தை ஏறத்தாழ ஒரேபோல் எதிர்க்கின்றன. எனவே ஒலியின் வேகத்தை எல்லாத் திசுக்களுக்கும் பொதுவாக விநாடிக்கு 1540 மீட்டர் என்றே கருவிகள் கொள்கின்றன. விரல் உணரும் இறுக்கம் இதுவன்று. விரல் அழுத்தும்போது திசு பக்கவாட்டில் வழுக்கி உருமாறுகிறது. அந்த உருமாற்றத்துக்குத் திசு காட்டும் எதிர்ப்பே விரலுக்கு இறுக்கமாகத் தெரிகிறது. கொழுப்புக்கும் புற்றுக்கும் இடையே இவ்வெதிர்ப்பு பல மடங்கு வேறுபடும். கண்ணுக்குரிய கருவி அளந்தது ஒன்று. கை அறிந்தது வேறொன்று.

1980-களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெர்னரும் கெவின் பார்க்கரும் திசுவை வெளியிலிருந்து அதிரவைத்து, அதிராமல் நிற்கும் பகுதியை டாப்ளர் மீயொலியால் கண்டனர். 1991-இல் ஹூஸ்டனில் ஜொனாதன் ஓஃபிரும் அவருடைய குழுவினரும் இன்னும் எளிய வழி ஒன்றை முன்வைத்தனர். திசுவைச் சற்றே அழுத்தி, அழுத்துவதற்கு முன்னும் பின்னும் கிடைத்த எதிரொலிகளை ஒப்பிட்டு, எப்பகுதி எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுவதே அவ்வழி. நெகிழ்ந்த பகுதி மிகுதியாக அமுங்கும். இறுகிய பகுதி அமுங்காமல் அப்படியே நகரும். அவர்கள் இட்ட பெயரே எலாஸ்டோகிராபி. விரல் செய்துவந்த சோதனையின் அதே தருக்கம் இது. விரலுக்குப் பதில் மீயொலி ஆய்முனையும், உணர்வுக்குப் பதில் கணக்கும் வந்தன.

அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு செய்திகள் உறுதிப்பட்டன. 1997-இல் பிரையன் காராவும் பிறரும் வெளியிட்ட முதல் மருத்துவ முடிவுகளில், புற்றுக்கட்டிகள் சாதாரண மீயொலிப் படத்தில் தெரிந்ததைவிட மீள்தன்மைப் படத்தில் பெரிதாகத் தெரிந்தன. புற்று தன்னைச் சுற்றியுள்ள திசுவில் கொலாஜன் நாரைக் குவியச் செய்து அதையும் இறுகச் செய்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். 1998-இல் தாமஸ் கிரௌஸ்காப் குழுவினர் அறுவையில் எடுத்த மார்பகத் திசுக்களை நேரடியாக அழுத்தி அளந்தனர். ஊடுருவும் புற்று கொழுப்பைவிடப் பல மடங்கு இறுகியது என்பதோடு, அழுத்தம் கூடக்கூட அதன் இறுக்கமும் கூடுகிறது என்பதும் தெரியவந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கை சொல்லிவந்தது ஆய்வகத்தில் எண்ணாகக் கிடைத்தது.

இவ்வரலாற்றில் 2006 ஒரு திருப்பம். அவ்வாண்டு ஜப்பானின் ட்சுகுபாவிலிருந்து இட்டோவும் பிறரும் 111 பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். கட்டியின் வண்ணப் பரவலை 1 முதல் 5 வரை மதிப்பிடும் அளவுகோல் அதில் வந்தது. கட்டி முழுவதும் அமுங்கினால் 1; கலவையாக அமுங்கினால் 2; விளிம்பு மட்டும் அமுங்கினால் 3; கட்டி எங்கும் அமுங்காவிட்டால் 4; அதைச் சுற்றிய திசுவும் அமுங்காவிட்டால் 5. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கோடு வரைந்தபோது, புற்றைப் புற்றென்று இனங்கண்ட விகிதம் 86.5 விழுக்காடு, புற்றல்லாததைப் புற்றன்று என்று விலக்கிய விகிதம் 89.8 விழுக்காடு.

அதே 2006-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் வேறொரு பெரும் ஆய்வு தொடங்கியது. அதில் எந்த இயந்திரமும் இல்லை. ஆர். சங்கரநாராயணன் முதலியோர் மண்டலப் புற்றுநோய் மையத்தையும் பிரான்ஸின் லியோனிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையையும் இணைத்து நடத்திய இந்த ஆய்வில், 30 முதல் 69 வயது வரையுள்ள 1,15,652 பெண்கள் 275 தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். குலுக்கல் முறையில் தேர்ந்த 133 தொகுப்புகளில் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகப் பரிசோதனை செய்தனர். மற்ற 142 தொகுப்புகள் ஒப்பீட்டுக்காக வழக்கம்போல் விடப்பட்டன. நாடு தழுவிய மேமோகிராம் திட்டத்துக்குப் பணமும் ஆளும் இல்லாத நாட்டில், பயிற்சி பெற்ற கை என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி.

முதற்சுற்றின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. சோதனைக்கு உட்பட்டவர்களில் 2,880 பேரிடம் ஐயத்துக்கிடமான ஏதோ ஒன்று கைக்குத் தென்பட்டது. அவர்களுள் 30 பேருக்குப் புற்று இருந்தது. கையின் கண்டறிதிறன் 51.7 விழுக்காடு, அதாவது 58 புற்றுகளில் 30-ஐக் கை பிடித்தது, 28-ஐத் தவறவிட்டது. நோயற்றவரை நோயற்றவர் என்று விட்ட விகிதம் 94.3 விழுக்காடு. இவ்வளவு குறைகளோடும் பயன் தெரிந்தது. தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட புற்று, சோதனை நடந்த தொகுப்புகளில் இலட்சம் பெண்களுக்கு 18.8, நடக்காத தொகுப்புகளில் 8.1. தொடுதலுக்கு மதிப்பு இருந்தது.

இந்த எண்களைப் பிரித்துப் படித்தால் கையின் குறை ஒன்றல்ல, இரண்டு என்பது தெரியும். 28 பெண்களின் கட்டி கைக்கு எட்டவில்லை. இது காணாமையின் பிழை. 2,850 பெண்களுக்குப் புற்று இல்லாமலே அழைப்பு போயிற்று. இது பிரித்தறியாமையின் பிழை. இரண்டாவது பிழையில் உயிரிழப்பு இல்லை என்பதால் அதைச் சிறிதென்று கருதிவிடலாகாது. அழைக்கப்பட்டவர் ஒருநாள் கூலியை விட்டு, வீட்டில் காரணம் சொல்லி அல்லது சொல்லாமல், பேருந்து மாறி, வரிசையில் நின்று, மார்பகத்தில் ஊசி ஏற்றும் பயாப்சி வரை செல்ல நேரிடலாம். முடிவு வரும்வரை அந்த வீடு அச்சத்தில் இருக்கும். ஒருமுறை வீணாக அலைந்தவர் அடுத்தமுறை உண்மையான அழைப்பையும் தள்ளிப்போடக்கூடும். நூறு பேரை அழைத்து ஒருவரிடம் நோய் காணும் முறை தன் நம்பகத்தைத் தானே தேய்த்துக்கொள்கிறது.

எலாஸ்டோகிராபி விடைசொல்ல முனைவது இரண்டாவது பிழைக்கே. முதலில் மீயொலிப் படத்தில் கட்டி தெரிந்தாக வேண்டும். அதன்பின்னரே அதன் இறுக்கத்தை அளக்க முடியும். கை தவறவிட்ட 28-ஐத் தேடித் தரும் முறையன்று இது. கண்டுபிடித்த கட்டிகளில் எதற்கு ஊசி தேவை, எதை ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று பிரிக்க உதவும் முறை. இவ்வேறுபாட்டை மறந்து, புற்றைக் கண்டுபிடிக்கும் புதிய கருவி என்று இதைப் பற்றிப் பேசுவது வரலாற்றையும் மருத்துவத்தையும் ஒருசேரத் திரிப்பதாகும்.

அழுத்திப் பார்க்கும் முறையில் அழுத்துபவரின் கைப்பழக்கமும் கலந்துவிடும். இதைத் தவிர்க்கும் வழி பாரிஸில் உருவானது. மத்தியாஸ் ஃபிங்க்கின் ஆய்வகத்தில் ஜெரமி பெர்காஃப், மிக்கேல் டான்டர் ஆகியோர் 2004-இல் விவரித்த முறையில், குவித்த மீயொலியே திசுவுக்குள் ஒரு மெல்லிய தள்ளலை உண்டாக்குகிறது. தள்ளிய இடத்திலிருந்து பக்கவாட்டில் சறுக்கு அலை பரவுகிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து அதன் வேகத்தை அளக்கின்றனர். இறுகிய திசுவில் அது வேகமாகச் செல்லும். அவ்வேகத்திலிருந்து இறுக்கம் கிலோபாஸ்கல் என்னும் அலகில் கிடைக்கும். 2012-இல் வென்டி பெர்க் முதலியோர் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில் 939 கட்டிகள் அளக்கப்பட்டன. சாதாரண மீயொலி மட்டும் இருந்தபோது புற்றல்லாதவற்றைச் சரியாக விலக்கிய விகிதம் 61.1 விழுக்காடு, சறுக்கு அலைத் தகவலையும் சேர்த்தபோது 78.5 விழுக்காடு.

2013-இல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் பைராட்ஸ் சொற்தொகுதியின் ஐந்தாம் பதிப்பு, மீள்தன்மையை மார்பக மீயொலி அறிக்கையின் துணைக்கூறாகச் சேர்த்தது. அது வகுத்த பிரிவுகள் மூன்று: மென்மையானது, இடைப்பட்டது, வன்மையானது. தமிழ் இலக்கணம் கற்றவருக்கு இம்முப்பகுப்பு புதிதன்று. மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பிரித்த மரபு, ஒலியைத் தொடுபொருள்போல் கருதி அதன் வன்மை மென்மையால் பெயரிட்டது. தொடர்ச்சியாக வேறுபடும் ஓர் இயல்பை மூன்று பெட்டிகளில் இட்டுப் பேசுவது ஒலியியலுக்கும் மருத்துவத்துக்கும் பொதுவான தேவை.

அந்த ஒப்புமை ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. வல்லெழுத்து எல்லா இடத்திலும் வலிந்து ஒலிப்பதில்லை. 'பக்கம்' என்பதில் இரட்டித்த ககரம் வன்மையாக ஒலிக்கிறது. 'பகல்' என்பதில் இரு உயிர்களுக்கு இடையே நின்று நெகிழ்கிறது. 'பங்கு' என்பதில் மெல்லெழுத்தை அடுத்து வேறாக ஒலிக்கிறது. எழுத்து ஒன்றே, சூழலே ஒலியை முடிவு செய்கிறது. கட்டியின் இறுக்கமும் அப்படியே. ஆய்முனையைச் சற்று அழுத்திப் பிடித்தாலே மென்திசுவும் இறுகிக் காட்டும். அதனால்தான் தோலில் படும் அளவுக்கு மட்டுமே வைக்கவேண்டும் என்று பயிற்சியில் வற்புறுத்துகின்றனர். ஆழமும் மார்பகத்தின் தடிமனும் அளவை மாற்றும். சுண்ணமேறிய பழைய நார்க்கட்டி, அறுவைத் தழும்பு, அழிந்த கொழுப்பு ஆகியவை புற்றல்லாமலே இறுகியிருக்கும். சளிபோன்ற பொருள் நிறைந்த மியூசினஸ் வகைப் புற்று போன்ற சில, புற்றாக இருந்தும் நெகிழ்ந்திருக்கும். வன்மை என்பது ஒரு பண்பின் பெயர், நோயின் பெயரன்று. உலக மீயொலிக் கூட்டமைப்பு 2015-இல் வெளியிட்ட மார்பக வழிகாட்டுதலும் இதைச் சாதாரண மீயொலிக்குத் துணையாகவே கொள்கிறது. வடிவமும் விளிம்பும் புற்றென்று ஐயுறச் செய்யும்போது, மென்மை என்ற ஒரே காரணத்துக்காகப் பயாப்சியைக் கைவிடக் கூடாது.

வண்ணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ட்சுகுபா ஆய்வில் பயன்பட்ட ஜப்பானியக் கருவியில் நீலம் வன்மை, சிவப்பு மென்மை. பாரிஸ் ஆய்விலிருந்து பிறந்த கருவியிலோ சிவப்பு வன்மை, நீலம் மென்மை. நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்தார். இவ்வண்ணங்கள் இடுகுறிகள், படத்தின் ஓரத்திலுள்ள அளவுகோலைப் பாராமல் நிறத்தை மட்டும் படிப்பவர் நேர் எதிர்ப்பொருளைக் கொள்ளக்கூடும். இறுக்கத்தை எண்ணாக்கிய பின்னும் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார்.

அவர் எங்கே இருக்கிறார் என்பதே இந்தியாவில் எஞ்சும் கேள்வி. மீயொலிக் கருவிக்கு இங்கே வேறொரு வரலாறும் உண்டு. பெண்சிசுவைக் கருவிலேயே அறிந்து அழிக்க அது பயன்பட்டதால், 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் கருவி வைத்திருக்கும் இடத்தைப் பதிவு செய்யவேண்டும் என்றும், அதை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடு உண்டு என்றும் வகுத்தன. பெண்ணைக் காக்க வந்த சட்டம் அது. அதன் தேவை இன்றும் குறையவில்லை. அதே சட்டத்தின் நிழலில், பெண்ணின் மார்பகத்தைச் சோதிக்கும் கருவியும் ஊருக்குப் போவது எளிதன்று. ஆகவே ஊருக்குச் செல்வது கை. நகரில் இருப்பது கருவி. இரண்டுக்கும் நடுவே தம்பானூர் போன்ற ஒரு பேருந்து நிலையம்.

கையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை என்பதை மும்பை காட்டியது. 1,51,538 பெண்களைக் கொண்டு டாடா நினைவு மையம் 1998-இல் தொடங்கிய ஆய்வின் இருபதாண்டு முடிவுகள் 2021-இல் வெளியாயின. கைப்பரிசோதனை, புற்றை முன்னதாகவே கண்டறிய உதவியது. இறப்பு மொத்தத்தில் 15 விழுக்காடு குறைந்தது; ஆனால் அது புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு உறுதிப்பட்டது.

திருவனந்தபுரமும் ட்சுகுபாவும் 2006-இல் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இயல்பைப் பற்றிக் கேட்டன. கட்டியை எளிய முறையில் யார் கண்டுபிடிப்பது என்று முதலாவது கேட்டது. கண்டுபிடித்த கட்டியை எவ்வாறு தரம்பிரிப்பது என்று இரண்டாவது கேட்டது. இரண்டு விடைகளும் இன்று கையில் உள்ளன. அவை ஒரே பெண்ணிடம், ஒரே வாரத்தில் சென்று சேரும் ஏற்பாடுதான் இன்னும் பெரும்பாலான இடங்களில் இல்லை. அந்த 2,880 பெண்களில் ஒவ்வொருவரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, கட்டி இருக்கிறதா என்பதன்று; அது அவர்களுக்கு அன்றே தெரிந்துவிட்டது. அது எப்படிப்பட்டது, எப்போது தெரியும் என்பதே. மீள்தன்மை வரைவியலின் முப்பதாண்டு வரலாற்றை எடைபோட வேண்டியதும் அக்கேள்விக்கு எவ்வளவு விரைவாக, எவ்வளவு குறைந்த அலைச்சலில் அது விடை தருகிறது என்பதைக் கொண்டே.